எட்டாம் நாள், லாவெண்டர் வயல்

முப்பத்திரண்டு பைகளிலும் பெயர்ச்சீட்டு ஒட்டி முடித்தபோது வத்சலாவின் விரல் நுனிகளில் பசை காய்ந்து உரிந்தது. ஒவ்வொரு பையிலும் ஒரு தொப்பி, ஒரு மடக்குக் குடை, புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி. ஆபீசுக்குக் கீழே லேக் மார்க்கெட்டில் ஆட்டோக்கள் ஓயாமல் ஒலியெழுப்பின. முப்பத்திமூன்றாவது பை அவளுடையது.

முதலாளி வெங்கட்ராமன் இருபது வருடங்களாகக் கல்கத்தா தமிழர்களைக் காசிக்கும் கயாவுக்கும் அழைத்துப் போகிறவர். ஜப்பான் வத்சலாவின் யோசனை. மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகளில் வீடிருந்த பெஹாலாவிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய் ஜப்பானிய மொழி படித்து, இரண்டு பரீட்சையும் தேறியிருந்தாள். ஜப்பானின் வடக்கே ஒரு கிராமத்தில் லாவெண்டர் பயிரிடும் நொரிகோ என்ற பெண்மணிக்கு ஐந்து மாதம் கடிதம் எழுதி, வயலோரக் கொட்டகையில் எல்லோரும் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட அனுமதி வாங்கியதும் அவள்தான். "நீங்களும் வருவீர்கள்தானே?" என்று கடைசிக் கடிதத்தில் கேட்டிருந்தார் நொரிகோ. "நான்தான் அழைத்து வருவேன்" என்று எழுதியிருந்தாள்.

வெங்கட்ராமன் உள்ளே வந்து மின்விசிறிக்கு அடியில் நின்றார்.

"அந்தக் கடைசிப் பைல ஹரீஷ் பேரப் போட்டுடும்மா."

ஹரீஷ் அவருடைய மச்சினர் பையன். படிப்பை முடித்துவிட்டு ஆறு மாதமாக ஆபீசில் வந்து உட்கார்ந்திருக்கிறான்.

"என் பேருக்கு விசா வந்தாச்சே சார்."

"அவனுக்கும் வந்துடுத்து. போன மாசமே தனியா அப்ளை பண்ணிருந்தேன்."

அப்படியானால் ஒரு மாதத்துக்கு முன்பே முடிவு செய்தாயிற்று. அந்த ஒரு மாதமும் அவளை உட்கார வைத்துப் பை கட்டவும் ஓட்டல் பேசவும் விட்டிருக்கிறார். வத்சலாவுக்குக் காது மடல் சூடேறியது.

"அவனுக்கு ஒரு வார்த்தை ஜாப்பனீஸ் தெரியாது சார்."

"அதான் சொல்றேன். ஏதாவதுன்னா ஒனக்குத்தானே போன் பண்ணுவான்? நீயும் போயிட்டா இங்க யார் இருக்கா? நீ இங்க இருந்தாத்தான் எனக்குத் தைரியம்."

பாராட்டுவது போலத்தான் சொன்னார். பாஷை தெரிந்தவள் இங்கே, தெரியாதவன் அங்கே. என்ன நியாயம் இது என்று வாய் வரை வந்தது. நாற்பத்திமூன்று வயதில் வேறு யார் வேலை கொடுப்பார்கள் என்ற நினைப்பு அதை விழுங்க வைத்தது. ஹரீஷுக்காகப் பன்னிரண்டு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்தாள்.

பயணத்தின் எட்டாம் நாள் காலை பத்தரைக்கு, மழை ஜன்னலை அறைந்துகொண்டிருந்தபோது, ஹரீஷிடமிருந்து வீடியோ கால் வந்தது. வங்காளிகள் அக்காவைக் கூப்பிடுவது போல அவளைத் தீதி என்பான்.

"வத்சலா தீதி, பெரிய ஜாமேலா, ரகளை ஆயிடுத்து. சாவித்ரி மாமி பிள்ளையாருக்குன்னு பூவப் பறிச்சுட்டா. அவளப் பாத்து மத்த மாமிகளும் பறிச்சுட்டா. ஒரு வரிசையே மொட்டை. இந்தம்மா எல்லாரையும் வெளியில போகச் சொல்றாங்கன்னு நெனைக்கிறேன்."

"எட்டாம் நாள் பக்கத்துல முதல் வரியே அதுதானே ஹரீஷ்? நம்ம மனுஷா பூஜைக்குப் பறிப்பா, பஸ்லயே சொல்லிடுன்னு."

"படிக்க டைம் கெடைக்கல தீதி. பிளீஸ், பேசுங்களேன்."

போன் திரும்பியது. மண் ஒட்டிய கையுறையோடு நொரிகோ நின்றார். முகம் இறுகியிருந்தது. வத்சலா நாற்காலியை விட்டு எழுந்து, போனுக்கு முன்னால் இடுப்பு வரை குனிந்தாள். எங்கள் வீடுகளில் காலையில் பூக்கும் பூ சாமிக்குத்தான் போகும். அந்த அம்மாவுக்கு அது திருட்டு என்றே தோன்றியிருக்காது. சொல்லி அழைத்து வராதது எங்கள் தவறு. ஜப்பானிய மொழியில் வார்த்தைகளைத் தேடித் தேடிச் சொன்னாள். மறுபடி குனிந்தாள். நொரிகோ கையுறைகளைக் கழற்றினார்.

"கடிதத்தில் இருந்த அதே குரல்" என்றார். பிறகு திரும்பிக் கூட்டத்தில் தேடினார். "எங்கே நிற்கிறீர்கள்? இப்படி வாருங்கள்."

"நான் வரவில்லை. கல்கத்தாவில் இருக்கிறேன்."

"ஏன்?"



"வேலை இருந்தது" என்றாள்.

எல்லோரும் சாப்பிட்டுவிட்டே போகட்டும் என்றார் நொரிகோ. ஹரீஷ் இணைப்பைத் துண்டித்தான். நன்றி சொல்லக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

அரை மணி கழித்து வெங்கட்ராமன் தன் போனை நீட்டிக்கொண்டு வந்தார். முகமெல்லாம் பூரிப்பு. ஹரீஷ் அனுப்பிய படம். வயல் நடுவே கையில் பெரிய லாவெண்டர் கொத்தோடு அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"பாத்தியா, பிரச்சினைய முடிச்சதோட அந்தம்மாகிட்டேருந்து பூவும் வாங்கிட்டான். ஒனக்கும் அனுப்பிருக்கேன். நம்ம பேஜ்ல போட்டு ரெண்டு வரி எழுதிடு. அடுத்த வருஷத்துக்கு புக்கிங் வரும்."

வத்சலா கணினியில் படத்தைத் திறந்து பெரிதாக்கினாள். கொத்தைச் சுற்றியிருந்த வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் ஜப்பானிய எழுத்தில் எழுதியிருந்தது.

"என்னமோ எழுதிருக்கே, என்ன அது?"

"என் பேர் சார். வத்சலாவுக்குன்னு."

வெங்கட்ராமன் குனிந்து பார்த்தார்.

"அப்படியா? படிக்கிறவா குழம்பிக்கப் போறா. அத மட்டும் வெட்டிட்டுப் போடு."

அவர் அவள் தோளுக்குப் பின்னால் காத்து நின்றார். வத்சலா வெட்டினாள். தாள் போயிற்று, கூடவே பூக்களில் பாதியும். ஹரீஷும், அவனுக்குப் பின்னால் மலையடிவாரம் வரை ஊதாவாக விரிந்த வயலும் மிஞ்சின.