என் பெயரில் ஒரு பதில்

என் அம்மாவை நான் எப்போது சாகடித்தேன்? மூக்குக்கண்ணாடிக் கடையில் மேசைக்குப் பின்னால் நின்றபடி இதைத்தான் எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். காலையில் நான் கிளம்பும்போது அம்மா உயிரோடுதான் இருந்தாள். தேநீரில் சர்க்கரை போதவில்லை என்று டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள். ஆனால் கையிலிருந்த கைப்பேசியில், என் வலைப்பதிவில், என் பெயருக்குக் கீழே இப்படி இருந்தது: “எனக்கும் அம்மா இல்லை. அவள் கண்ணாடியில் பதிந்த விரல் தடத்தை நானும் இன்னும் துடைக்கவில்லை. நீங்களும் துடைக்காதீர்கள்.”

“இந்த ஃப்ரேம் எனக்கு எடுப்பா இருக்குங்களா?” என்று எதிரில் இருந்தவர் கேட்டார்.

“இல்லைங்க,” என்றேன். நான் சொன்ன விதத்தில் அவர் அதை அவசரமாகக் கழற்றி வைத்துவிட்டார்.

நல்ல வரிகள். அதைப் பார்த்துத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வாக்கியங்கள் நிற்கிற இடத்தில் நின்றன, நான் மூச்சு விடுகிற இடத்தில் மூச்சு விட்டன. நான் மட்டும் அதில் இல்லை.

என் பதிவுக்கு வருகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் எல்லோரும் காணொளிகளுக்குப் போய்விட்டார்கள். நான் போகவில்லை, கொள்கை என்று ஒன்றும் கிடையாது. நாள் முழுக்க அடுத்தவர் கண்ணுக்கு அளவெடுத்துவிட்டு வந்தால், பார்த்ததை யாரிடமாவது நிதானமாகச் சொல்லவேண்டும் போலிருக்கும். படித்துவிட்டு யாராவது இரண்டு வரி பின்னூட்டம் எழுதினால், பதில் சொல்ல எனக்கு அரை நாளாவது ஆகும். பேருந்தில் யோசிப்பேன், பாத்திரம் தேய்க்கும்போது யோசிப்பேன். அவர்களுக்குக் கொடுக்க என்னிடம் இருந்தது அந்தத் தாமதம் ஒன்றுதான். இந்தப் பதிலோ கேள்வி வந்த அதே நிமிடத்தில் போயிருந்தது.

கேட்டவர் ‘தையல்காரி’ என்ற பெயரில் வருகிறவர். புள்ளி, கமா எதுவும் வைக்கமாட்டார். நான் எதை எழுதினாலும் முதலில் வந்து நிற்பார். அம்மா கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டே வீடெங்கும் தேடியதைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். அதன் கீழே போன வாரம் எழுதியிருக்கிறார்: “எங்கம்மா போயிட்டாங்க அவங்க கண்ணாடி தையல் மெஷின் மேலயே இருக்கு கட்டைவிரல் பதிஞ்ச தடம் அப்படியே இருக்கு துடைக்கவா வேணாமான்னு தெரியல நீங்க கண்ணாடிக் கடையில இருக்கீங்கல்ல அதான் உங்ககிட்ட கேக்கறேன்” இன்று மின்னஞ்சலில் தன் எண்ணை அனுப்பியிருந்தார். “உங்கம்மாவும் இல்லைன்னு எனக்குத் தெரியாது ஒரு தடவை பேசணும்”

இரண்டு மாதம் முன்பு மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டோடு நான் கிடந்தபோது, “நீ ரெஸ்ட் எடுக்கா, பிளாக்கை நான் பாத்துக்கறேன்” என்றான் தம்பி. வேண்டாத விளம்பரப் பின்னூட்டங்களை அழிக்கப்போகிறான் என்று நினைத்து, பாஸ்வேர்டைக் கொடுத்தேன். கட்டுப் பிரித்த பிறகு இன்றுதான் பதிவைத் திறந்து பார்க்கிறேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது அவன் சோபாவில் கால் நீட்டிப் படுத்திருந்தான். கைப்பேசியை அவன் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

“இது யார்ரா எழுதினது?”

“ஒரு ஏஐய செட் பண்ணி வெச்சேன், அதுவா எழுதுதுக்கா. உன் பதிவு எல்லாத்தையும் அதுக்குக் குடுத்தேன். அச்சு அசல் உன்ன மாதிரியே எழுதுதுல்ல?” சமைத்துப் போட்டவன் ருசி கேட்பதுபோல் பார்த்தான்.

“அம்மா செத்துட்டாங்கன்னு எழுதியிருக்குடா.”

“அது சின்னத் தப்பு. சரி பண்ணிடலாம்.”

“யாரு செத்தது?” என்றாள் அம்மா, ஜன்னலோரத்து நாற்காலியிலிருந்து.

“நீதான்மா.”

“எப்போ?”

“போன வாரம்.”

“அடப்பாவிகளா. பெத்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?” அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “சரி, யாராவது அழுதாங்களா? கொண்டா, பாக்கறேன்.”

விரலை வரி வரியாக ஓட்டி, உதடு அசையப் படித்தாள். தையல்காரியின் வரிகளுக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. கைப்பேசியை என்னிடம் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

“இந்தப் பொண்ணு பாவம்டி,” என்றாள்.

“அதான் ஆறுதல் கிடைச்சிருச்சேம்மா,” என்றான் தம்பி. “அக்கா, நீயே உக்காந்து யோசிச்சாலும் இதைவிட நல்லாவா எழுதியிருப்ப? இப்பப் போய் உண்மையச் சொல்றேன்னு அவங்களத் திரும்ப அழ வெக்காத. அப்படியே விட்டுடு. உனக்கும் நேரம் மிச்சம்.”

“முதல்ல அதை நிறுத்து.”

“எதுக்கு இப்ப கத்தற?”

“நான் இன்னும் கத்தவே ஆரம்பிக்கலடா.”

அவன் முணுமுணுத்துக்கொண்டே மடிக்கணினியைத் திறந்தான். கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கிக் கொடுத்துவிட்டு, சித்திரம் அழகாக இல்லையா என்று கேட்கிறான். நான் என்ன எழுதியிருப்பேன்? வரும் வழியெல்லாம் யோசித்திருந்தேன். கடையில் யார் கண்ணாடியை வைத்தாலும் முதல் வேலையாகத் துடைக்கிற கை என்னுடையது. துடையுங்கள் என்று சொல்லியிருப்பேனோ என்னவோ. தெரியவில்லை என்றே எழுதியிருப்பேன் என்றுதான் தோன்றியது. எனக்கும் தெரியவில்லை, உங்கள் பக்கத்தில் இருக்கிறேன், அவ்வளவுதான். அந்தத் தெரியாமையை ஒருவன் என் பையிலிருந்து எடுத்துவிட்டு, கற்கண்டு போல ஒரு பொய்யைப் போட்டுவைத்திருக்கிறான். அதை அவர் வாயில் போட்டுக்கொண்டும்விட்டார். தம்பி சொன்னதில் ஒன்று மட்டும் உண்மை: இதைவிட நன்றாக நான் எழுதியிருக்க மாட்டேன். ராத்திரிச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

மறுநாள் உணவு இடைவேளையில் கடைக்குப் பின்னால், லென்ஸ் பெட்டிகள் அடுக்கியிருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழைத்தேன். யார் என்று சொன்னதும் மறுமுனையில் மூச்சு இழுபடும் சத்தம் கேட்டது.

“நீங்களாம்மா!” நான் நினைத்ததைவிட வயதான குரல். “எழுத்தைப் படிச்சுப் படிச்சு உங்க குரல் மெலிசா இருக்கும்னு நெனச்சிருந்தேன். கட்டைக் குரலா இருக்கே!”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். சிரித்து முடிக்கையில் குரல் உடைந்தது.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னுதான் கூப்பிட்டேன்,” என்றேன்.

“இருங்கம்மா, நான் முதல்ல கேட்டுடறேன், இல்லாட்டி கூச்சத்துல விட்டுடுவேன். அம்மா போனதுலேருந்து மெஷின்ல உக்காரவே முடியல. வாங்கின துணியெல்லாம் அப்படியே கெடக்கு, ஆளுங்க வந்து திட்டிட்டுப் போறாங்க. உங்க பதில் வந்த அன்னிக்குத்தான் ஒரு சட்டைக்குக் கை தெச்சேன். அது எனக்கு மனப்பாடம். இருந்தாலும் உங்க வாயால ஒரே ஒரு தடவை படிச்சுக் காட்டுங்களேன். கேட்டுட்டுப் போய் உக்காந்துடுவேன்.”

மூன்றே வாக்கியம். படிக்க எவ்வளவு நேரமாகிவிடும்? தம்பியிடம் கத்தாமல் வைத்திருந்ததெல்லாம் நெஞ்சில் கொதித்துக்கொண்டு வந்தது. இந்த அம்மாள் மேல் அதில் ஒரு சொட்டுகூட விழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“முடியாதும்மா,” என்றேன், எனக்கே கேட்காத குரலில். “அதை நான் படிக்க மாட்டேன். அது நான் எழுதினதில்ல.”

மறுமுனையில் கத்தரிக்கோலைப் பலகைமேல் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, மீதியைக் கேட்க உட்காருகிறவர்போல, ஒரு நாற்காலி மெதுவாக இழுபட்டது.