சயாமிலிருந்து வரவில்லை

டாக்டர் ஹுமைரா கணினித் திரையை லோகேஸ்வரியின் பக்கம் திருப்பினாள். வரிசை வரிசையாக ஆங்கில எழுத்துகள், நடுநடுவே சில மட்டும் சிவப்பில். மாத்திரை ஏன் சரியாக வேலை செய்யவில்லை என்று பார்க்க ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். தீபாவளிக்கு முதல் நாள் காலையில் வந்து உட்கார்ந்திருந்தவளுக்கு மனமெல்லாம் சாயங்காலம் முன்னோருக்குப் போடும் படையல்மேல்தான் இருந்தது.

“மருந்த மாத்திட்டா சரியாயிடும் லா ஆன்டி. எச்ஐவி எல்லா ஊர்லயும் ஒரே மாதிரி இருக்காது. அதோட புரோட்டீன்ல அங்கங்க மாற்றம் இருக்கும். இங்க மலேசியாவுலயும் சயாம்லயும் அதிகமா பாக்கறது வேற வகை. உங்களோடது சி வகை. இந்தியாவுலதான் அது அதிகம்.”

“சயாம் இல்லையா?”

“இல்ல. ஆனா இத மட்டும் வெச்சு யாருகிட்டருந்து யாருக்கு வந்துச்சுன்னு அடிச்சு சொல்ல முடியாது. அங்கிளுக்கும் இதே வகைதான். அவரும் இப்படித்தான் கேட்டாரு.” டாக்டர் சட்டென்று நிறுத்தினாள். “வீட்டுல நானே சொல்லிக்கறேன்னாரே... சொல்லலையா?”

லோகேஸ்வரி எழுந்துவிட்டாள். புது மருந்துச் சீட்டை டாக்டர் பின்னாலேயே ஓடிவந்து கொடுக்க வேண்டியிருந்தது.

அவள் புருஷன் முகுந்தன் போர்ட் கிள்ளானிலிருந்து, சயாம் என்று இங்கே சொல்லும் தாய்லாந்தின் ஹாட்யாய்க்கு லோரி ஓட்டியவன். பத்து வருஷத்துக்கு முன் அவளுக்குக் காசநோய் வந்து, அதைத் தோண்டப்போய் இந்த நோய் வெளியே வந்தது. பிறகு அவனையும் சோதித்தார்கள், அவனுக்கும் இருந்தது. லோரி டிரைவர், சயாம் போக்குவரத்து, இதற்கு மேல் சாட்சி எதற்கு? “சாமி சத்தியமா நான் எங்கயும் போகல லோகா” என்று ஒரு மாதம் சொல்லிப் பார்த்தான். பிறகு அவனுக்கே குழம்பிப்போயிருக்க வேண்டும், வாயை மூடிக்கொண்டான்.

அவள் மூடவில்லை. அவனுக்கென்று ஒரு நீல மங்குத் தட்டை ஒதுக்கி, சாப்பாட்டைப் பின்கதவுப் படியில் வைத்தாள். ஒட்டிக்கொள்ளும் என்ற பயமில்லை, அவளுக்கும் அதே நோய்தானே. சும்மா தண்டனை. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகள் ஷாமினிக்கும் அதே பழியைச் சேர்த்தே சொல்லிக்கொடுத்தாள். கல்யாண மணவறையில் அப்பா வந்து நிற்கக்கூடாது என்று அந்தப் பெண் சொன்னபோது, லோகேஸ்வரி மனதுக்குள் சந்தோஷப்பட்டாள். முகுந்தன் மண்டபத்துக்கு வெளியே கார் நிறுத்துகிறவர்களுக்கு வழி காட்டிக்கொண்டிருந்தான்.

பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் வாழையிலையும் சாமந்தியும் வாங்கினாள். எப்படி வாங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. கொம்யூட்டர் ரயிலில் உட்கார்ந்த பிறகுதான் தொடைத் தழும்பு நினைவுக்கு வந்தது. ஷாமினிக்கு ஐந்து வயதாக இருந்தபோது, சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு அவள் மட்டும் நாமக்கல் பக்கம் போயிருந்தாள். வேன் கவிழ்ந்தது. ஏதோ ஓர் ஊரில் தையல் போட்டு ரத்தம் ஏற்றினார்கள். உயிர் பிழைத்ததே பெரிது என்று மாரியம்மனுக்குப் பால்குடம் எடுத்ததோடு அது முடிந்துபோனது. முகுந்தன் ஒருநாளும் இந்தியாவை மிதித்ததில்லை.

இந்தியாவிலிருந்து வந்த எவளிடமாவது அவன் போயிருக்கலாமே என்று மனம் ஒரு கணம் ஓடிப் பார்த்தது. சாத்தியம்தான், டாக்டரே அடித்துச் சொல்லவில்லை. ஆனால் அப்படி ஓடுகிற மனதைப் பார்க்க அவளுக்கே அருவருப்பாக இருந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அது யாருக்கோ சொன்னது என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள்.

அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒரு மத்தியானம் கண்முன் தெளிவாகத் தெரிந்தது. அன்றைக்குத்தான் இந்த வகை விஷயத்தை அவனிடம் சொல்லியிருப்பார்கள். படியில் உட்கார்ந்து அவளையே பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு, “குழம்பு நல்லாருக்கு லோகா” என்றான். “சயாம்காரி கை ருசி இருக்காது” என்றாள் இவள். அவன் சிரித்தபடி தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு ஒரு வருஷம்கூட அவன் உயிரோடு இருக்கவில்லை.

வீட்டில் ஷாமினி கோழி பிரட்டிக்கொண்டிருந்தாள். சாமி மேடைக்கு முன்னால் மாமனாருக்கும் மாமியாருக்கும் இரண்டு இலை போட்டிருந்தது. லோகேஸ்வரி மூன்றாவது இலையைப் போட்டு, வரும் வழியில் வாங்கிய பீர் கேனை அதன் பக்கத்தில் வைத்தாள்.

“யாருக்கும்மா?”

“அப்பாவுக்கு.”

“உன்னைய இப்படி ஆக்கிட்டுப் போனவருக்கா?”

அவளே சொல்லிக்கொடுத்த வார்த்தைகள், ஓர் எழுத்துகூட மாறவில்லை.

“அவரு ஆக்கல பாப்பா.”

பின்கதவைத் திறந்தாள். முகுந்தன் போன பிறகு நீலத் தட்டு பூனைக்குப் போயிருந்தது. அதைக் குழாயடியில் தேங்காய் நாரால் தேய்த்தாள். காய்ந்திருந்த மீன்செதில் போன பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டுக்கொண்டு வந்து படியில் உட்கார்ந்தாள்.

“ம்மா, அது பூனத் தட்டு! என்னம்மா பண்ற?”

அவள் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். கரண்டியும் கையுமாக ஷாமினி கதவோரம் நின்றாள். உள்ளே அடுப்பில் கோழி அடிபிடிக்கும் வாசனை வந்தது, இரண்டு பேருமே போகவில்லை. பூனை வந்து தன் தட்டைத் தேடி, படியில் இருப்பவளைப் பார்த்து, முகுந்தன் வழக்கமாகக் கால் நீட்டியிருந்த இடத்தில் படுத்துக்கொண்டது.