பாட்டுக்கு அடியில்

அருள்தாஸின் முதல் வருஷ நினைவுப் பூசையில் மாதா பாட்டை வாசிக்க வேண்டும் என்று கேட்டது அவர் மனைவி ஷர்லிதான். அதற்காகவே அவருடைய மாணவி அன்புமொழி சென்னையிலிருந்து புதுக்கோட்டைக்கு வந்து, டவுன் பஸ் பிடித்து ஆவூர் வந்து சேர்ந்தாள். தோளில் வயோலாப் பெட்டி. பார்த்தால் வயலின்தான் என்பார்கள். கொஞ்சம் பெரிது, குரல் கனம்.

"ஆரம்பத்துல வருதுல்ல வயலின், அத நல்லா வாசிச்சிரும்மா. அவரு வாசிச்சதுன்னுதான் திருவிழாவுக்குத் திருவிழா ஊரே அதப் போட்டுக் கேக்குது" என்றாள் ஷர்லி.

அன்புமொழி காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். "ஆன்ட்டி, அது சார் இல்லையே."

அருள்தாஸ் சென்னை ரெக்கார்டிங் தியேட்டர்களில் வயோலா வாசித்தே தலை நரைத்தவர். பிறகு ஓர் இசைப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார். அவர் வாசித்த மாதா பாட்டுக் கேசட் வந்த அன்று ஆவூர் வீடு நிறைய ஆட்கள். முதலில் எழுந்த வயலினைக் கேட்டதுமே, "இதுதான் அவரு" என்று ஷர்லி சொல்லிவிட்டாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்தார். சும்மா இருந்துவிட்டார். நாத்தனார் இன்னாசியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதோடு அது ஊர்ப்பேச்சாகிவிட்டது.

"அப்ப அந்தப் பாட்டுல அவரு எங்க இருக்காரு?" என்றாள் ஷர்லி.

"பாட்டு முழுக்க இருக்காரு ஆன்ட்டி. வயலினுக்குக் கீழ."

"நான் இப்படிச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சதப் பத்தி அவரு ஏதாவது சொன்னாரா?"

அன்புமொழி தயங்கினாள். "கிளாஸ்ல ஒரு தடவ சொன்னாரு. 'எங்க வீட்டுல என்னைய வயலினாக்கிட்டாங்க. சந்தோசமா இருக்காங்க, இருந்துட்டுப் போகட்டும்'னு. சிரிச்சாரு."

சிரித்தாராம். ஷர்லிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ரெக்கார்டிங் முடிந்து வருகிறவரிடம் சாப்பாடு போட்டார்களா என்று கேட்டிருக்கிறாள். எந்தப் பாடகர் வந்தார் என்று கேட்டிருக்கிறாள். இதில் உங்கள் குரல் எது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"எனக்குக் காட்டும்மா" என்றாள்.

"சார் எங்களுக்குக் காட்டுன மாதிரியே காட்டுறேன். நீங்க பாடுங்க."

"நானா?"

"அவரு முதல்ல எங்க பாகத்தத் தரவே மாட்டாரு. மத்தவங்க பாகத்தயெல்லாம் பாடச் சொல்லுவாரு. நாங்க பாடப் பாட, அவரு கீழ வாசிச்சுக்கிட்டே வருவாரு. திடீர்னு நிறுத்திருவாரு. 'இப்ப எது போச்சு?'ம்பாரு. பதில் சொல்ற வரைக்கும் வில்லத் தொட விடமாட்டாரு."

ஷர்லி தொண்டையைச் செருமிக்கொண்டு பாடத் தொடங்கினாள். குரல் உடைந்து உடைந்து வந்தது. வயோலா அடியில் சேர்ந்துகொண்டதும் நேரானது. அவள் வயோலாவைக் கவனிக்கவில்லை; தன் குரல் இன்னும் இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்றுதான் நினைத்தாள். பாதி வரியில் அன்புமொழி வில்லை எடுத்துவிட்டாள். ஷர்லியின் குரல் ஆள் இல்லாத வீட்டில் கூப்பிட்டதுபோல் தனியாகக் கேட்டது. மேற்கொண்டு பாட முடியவில்லை.

"அத மட்டும் தனியா வாசி."

அன்புமொழி வாசித்தாள். இரண்டு மூன்று சுரங்கள், சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்தன. ஷர்லிக்கு அது தெரிந்த சத்தம். கோடம்பாக்கத்து வீட்டில் காலையெல்லாம் கேட்ட சத்தம். "ஏதாவது பாட்டா வாசிங்களேன், தலைய வலிக்குது" என்று சொல்லி அவர் அறைக் கதவை வெளியிலிருந்து சாத்தியிருக்கிறாள். அவரும் சத்தத்தைக் குறைத்துக்கொள்வார்.

அன்புமொழி வில்லை இறக்கிவிட்டுக் கேட்டாள்: "நாளைக்கு எத வாசிக்க? வயலின் பாகத்தயே இதுல வாசிச்சிரலாம். யாருக்கும் தெரியாது."

உண்மையை வாசித்தால், இவ்வளவுதானா அருள்தாஸ் என்பார்கள். அவர்தான் இத்தனை நாள் பீற்றிக்கொண்டார் என்றும் சொல்வார்கள். செத்தவர் தலையில் தன் பொய் விழும்.

"அவரோடத வாசி" என்றாள் ஷர்லி. "அவரப் பத்திக் கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

மறுநாள் நற்கருணை முடிந்ததும் அன்புமொழி பீடத்துக்கு ஓரமாக நின்று வாசித்தாள். பக்கத்தில் இருந்த இன்னாசியம்மாள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"ஏன்டி ஷர்லி, அந்தப் புள்ள சுருதி சேத்துக்கிட்டே இருக்கு. எப்பத்தான் ஆரம்பிக்கும்?"

"ஆரம்பிச்சாச்சு மதினி. இதுதான் அவரு வாசிச்சது."

"அப்ப அந்த வயலினு?"

"அது வேற யாரோ. நாந்தான் தெரியாம அவருன்னு சொல்லிட்டேன். அவரு ஒருத்தர்கிட்டயும் அப்படிச் சொன்னதில்ல."

இன்னாசியம்மாள் அவளையே பார்த்தாள். "எந்தம்பி ஒன்கிட்டக்கூடவா சொல்லல?"

 பாடகர் குழு எழுந்து பாட்டைத் தொடங்கியது. கோயில் முழுக்கச் சேர்ந்து பாடியது. ஷர்லி வாய் திறக்காமல், அடியில் போகிற அந்த வயோலாவின் குரலை மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டு வந்தாள். இரண்டாவது சரணத்தில் சத்தம் ஏறியபோது அது நழுவிப் போனது. அன்புமொழியின் கை அசைவது தெரிந்தது. எவ்வளவு காது கொடுத்தும் அவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை.