இலை உதிரும் வரைக்கும்

கார்த்திகை பிறந்துவிட்டால் ரப்பர் மரத்துக்குக் கை தாராளமாகிவிடும். விடியற்காலைப் பனியில் வெட்டிய பட்டையிலிருந்து ஒன்பது மணி தாண்டியும் பால் சொட்டிக்கொண்டே இருக்கும். பால் பிடிக்க மரத்தில் கட்டிய சிரட்டைகள் நிறைந்து விளிம்பு வரை நிற்கும். பினீஷ் இரண்டு கையிலும் வாளிகளோடு சரிவில் இறங்கி வந்து ஷெட் வாசலில் வைத்துவிட்டு, காலி வாளிகளை எடுத்துக்கொண்டு திரும்ப ஏறுவான். அன்றைக்கும் உள்ளே அவன் மனைவி ரஜிதா பாலை வடிகட்டி, தண்ணீர் சேர்த்து, வரிசையாகப் பரப்பிய அலுமினியத் தட்டங்களில் அளந்து ஊற்றினாள். அதில் ஆசிட் கலந்த நீரை விட்டுக் கலக்கினால் தயிர் மாதிரி உறையும். மறுநாள் மெஷினில் கொடுத்து அழுத்தினால் ஷீட்.

கை தட்டத்தில் இருந்தாலும் அவள் கண் தூணின் பக்கமே போய்க்கொண்டிருந்தது. தூணில் ஒரு பழைய வேட்டி கட்டியிருந்தது. அதன் மறுமுனை அவள் மகன் கண்ணாப்பியின் இடுப்பில். அவனுக்கு இரண்டு வயது முடிந்து இரண்டு மாதம். மெஷின் வரைக்கும் எட்டாது, வடிகால் வரைக்கும் எட்டாது என்று அவளே நடந்து பார்த்து அளந்து கட்டிய வேட்டி அது.

"அம்மா, அவுத்து விடு."

"இதோ ஆச்சுடா தங்கம். இன்னும் நாலே தட்டு."

நாலே தட்டு என்று அவள் சொல்ல ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

தோட்ட முதலாளி குரியச்சன் வாசலில் வந்து நின்றார். மடித்துக் கட்டிய வேட்டி, கையில் சாவிக்கொத்து.

"என்னடி ரஜிதா, இது ஷெட்டா, அங்கன்வாடியா?"

"அங்கன்வாடியில சேத்துக்க மாட்டேங்கறாங்க அச்சாயா. மூணு வயசு முடியணுமாம்."

"அப்ப சீக்கிரம் முடியச் சொல்லு அவன்கிட்ட." அவரே சிரித்துக்கொண்டார்.

"அச்சாயா, ஆசிட் கலக்குற பிளாஸ்டிக் மக்கு ஒடஞ்சு போச்சு. போன வாரமே சொன்னேன்."

"ரப்பர் விக்கிற விலைக்கு மக்கு ஒண்ணுதான் கொறச்சல். ஏதாவது ஒரு பாட்டில்ல கலந்து வை. மக்குல ஊத்தினாத்தான் உறைவேன்னு பால் அடம் பிடிக்குதா என்ன?"

அவள் அடுத்த தட்டத்தை இழுத்தாள்.

மழைக்காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. ஆனி ஆடியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். நனைந்த மரத்தில் கத்தி வைக்க முடியாது. பினீஷ் வீட்டில் இருப்பான். கண்ணாப்பி அவன் தோளில் ஏறினால் இறங்க மாட்டான். மூத்தவள் அனகா, ஒன்றாம் வகுப்புக்காரி, காலையில் எழுந்ததும் ஜன்னலைத் திறந்து பார்ப்பாள். "அப்பா, இன்னைக்கும் மழைதான்!" என்று குதிப்பாள். ரஜிதா அரிசி டின்னைத் திறந்து பார்த்துவிட்டு, இன்றைக்காவது வெயில் வரக் கூடாதா என்று அதே வானத்தைப் பார்ப்பாள். பலாக்கொட்டையும் கஞ்சியுமாக ஓடிய நாட்கள்தான். ஆனாலும் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு கிடந்தார்கள் என்பதை அவள் மறுக்க மாட்டாள்.

ஓணம் கழிந்து வானம் வெளுத்தது. அடுத்த சரிவில் பால் வெட்டிக்கொண்டிருந்தவன் கோயம்புத்தூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான். அவனுடைய இருநூறு மரத்தையும் குரியச்சன் பினீஷ் தலையில் கட்டினார். ஐந்நூறு மரம் ஒருத்தன் வெட்டி, ஒருத்தனே பால் எடுத்து, ஒருத்தனே உறை ஊற்ற முடியாது என்பது அவருக்கும் தெரியும். "ஒன் பெண்டாட்டி வீட்டுல சும்மாதானே இருக்கா" என்றார். கூலி பினீஷ் பெயரில். ரஜிதாவுக்குத் தனியாக எதுவும் கிடையாது. இது வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு அவர்களிடம் வேறு வேலையும் கிடையாது.

அனகாவைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, கண்ணாப்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு எட்டு மணிக்கு வந்துவிடுவாள். வந்த புதிதில் அவன் சாக்கில் உட்கார வைத்தால் உட்கார்ந்தான். இப்போது இடம் பழகிக் கால் முளைத்துவிட்டது. அதுதான் வேட்டி.

குரியச்சன் வந்துபோன மறுநாள் பனி கடுமையாக இருந்தது. குளிர்ந்தால் பால் உறையத் தாமதமாகும். எல்லா ஷெட்டிலும் செய்வது போல அவளும் ஆசிட்டைக் கொஞ்சம் கெட்டியாகவே கலந்து, ஒரு காலிச் சோடா பாட்டிலில் ஊற்றித் திண்டில் வைத்தாள். பக்கத்தில் கண்ணாப்பி குடிக்கும் தண்ணீர், அதுவும் ஒரு சோடா பாட்டில். மற்ற நாளாக இருந்தால் பயமில்லை. வீட்டில் பதிமுகப் பட்டை போட்டுத்தான் தண்ணீர் காய்ச்சுவார்கள். அது ரோஜா நிறத்தில் இருக்கும். தண்ணீர் என்றால் பிள்ளைகளுக்கு அந்த நிறம்தான். அன்றைக்குப் பட்டை தீர்ந்துபோய் வெறும் தண்ணீரைக் காய்ச்சிக் கொண்டு வந்திருந்தாள். அதை நினைத்தும் பார்த்தாள். பாட்டிலுக்கு ஒரு நூல் கட்டலாம் என்று நினைத்தபோது பினீஷ் வாளியை வைத்துவிட்டு, "சீக்கிரம் எடு, மேல இன்னும் நூறு மரம் கெடக்கு" என்றான்.

கடைசி வரிசைக்கு ஆசிட் ஊற்றி முடித்து, முதுகைக் காட்டி நுரை வழித்துக்கொண்டிருந்தாள். பின்னால் பாட்டில் உருளும் சத்தம். திரும்பினாள். வேட்டி முடிச்சு அவிழ்ந்து தரையில் கிடந்தது. கண்ணாப்பி திண்டின் அடியில் நின்றான். சட்டை முன்புறம் நனைந்திருந்தது, வாயும் நனைந்திருந்தது. இரண்டு பாட்டிலும் தரையில் காலியாகக் கிடந்தன.

ஆசிட் பாட்டிலில் மிச்சம் வைத்தோமா, முழுவதும் ஊற்றிவிட்டோமா? அவளுக்கு ஞாபகம் வரவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. பிள்ளையை வாரி எடுத்து வாயை முகர்ந்தாள். ஷெட் முழுக்க அந்த நெடிதான், அவள் கையெல்லாம் அந்த நெடிதான். எது எங்கிருந்து வருகிறது என்று எப்படிச் சொல்வது? அவன் தாடையை நாக்கால் தொட்டாள். புளித்தது. அவள் கை பட்ட இடம்கூட அதுவாக இருக்கலாம்.

"என்ன குடிச்ச? சொல்லுடா. எந்தப் பாட்டிலு?"

அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பயந்து அவன் வீறிட்டான். ரஜிதா போட்ட அலறலில் பினீஷ் வாளியை எறிந்துவிட்டுச் சரிவில் ஓடி வந்தான். சத்தம் கேட்டுக் குரியச்சனும் வந்தார். ஜீப் பட்டறையில் இருந்தது. அவரே போன் செய்து ஆட்டோவை வரவழைத்தார், அதில் குறை சொல்ல முடியாது. ரஜிதா ஏறி உட்கார்ந்தாள். பினீஷ் ஒரு காலை ஆட்டோவில் வைத்தான்.

"நீயும் போய் என்ன பண்ணப் போற?" என்றார் குரியச்சன். "அவதான் போறாளே. நூறு மரத்துப் பால் சிரட்டையில நிக்குது. வெயில் ஏறினா அத்தனையும் கட்டியாப் போயிரும். எடுத்து உறை ஊத்திட்டு நீ பொறத்தால போ."

பினீஷ் அவளைப் பார்த்தான். அவள் பிள்ளையின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் காலை எடுத்துக் கீழே வைத்தான். ஆட்டோ வளைவில் திரும்பும்போது, அவன் அழுதுகொண்டே வாளியைத் தேடுவது தெரிந்தது.

டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார். வாய்க்குள் சிவந்திருந்தது. அழுததில் சிவந்ததா, வெந்ததா என்று இப்போதே சொல்ல முடியாது, சாயங்காலம் வரை வைத்துப் பார்க்கலாம், அதுவரை நான் சொல்லாமல் எதுவும் கொடுக்காதே என்றார்.

"தண்ணி, தண்ணி" என்று கண்ணாப்பி பகல் முழுக்கக் கேட்டான். அவன் இருமினால் வாயைத் திறந்து பார்த்தாள். தூங்கினால் மூக்கின் கீழ் விரலை வைத்துப் பார்த்தாள். நாலு மணிக்குப் பினீஷ், அனகாவைப் பள்ளியிலிருந்து அப்படியே கூட்டிக்கொண்டு வந்தான். அவன் சட்டையில் பால் காய்ந்து தோல் மாதிரி ஒட்டியிருந்தது. அனகா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆறு மணிக்கு டாக்டர் மறுபடியும் பார்த்தார். உதட்டில் மட்டும் இரண்டு கொப்புளம். உள்ளே ஒன்றுமில்லை. வாய் வைத்துவிட்டுத் துப்பியிருக்கிறான், போகலாம்.

சீட்டு எழுதிய நர்ஸ் ரஜிதாவை விடவில்லை. "சோடா பாட்டில்ல ஆசிட்டை ஊத்தி வைப்பாங்களா? நீயெல்லாம் ஒரு அம்மாவா? குடிச்சிருந்தா கொஞ்ச நேரத்துல நாக்கு வெந்து போயிருக்கும், தெரியுமா? இனிமே எதைக் குடுத்தாலும் நீ மொதல்ல வாயில வச்சுப் பாத்துட்டுக் குடு."

ரஜிதா தலையை ஆட்டினாள். கண்ணாப்பி உயிரோடு தோளில் கிடக்கும்போது யார் என்ன திட்டினால் என்ன?

மறுநாள் காலை குரியச்சன் ஷெட் வாசலிலேயே நின்றார்.

"பிள்ளை பிழைச்சதே கடவுள் புண்ணியம். இனிமே இங்க கூட்டிட்டு வராத. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா போலீஸ்காரன் என் வீட்டுக்குத்தான் வருவான்."

"அவன எங்க விடுவேன் அச்சாயா?"

"அது ஒங்க குடும்ப விஷயம். அதுல நான் தலையிட முடியாது. ஜார்க்கண்டுக்காரன் ஒருத்தன் பெண்டாட்டியோட வந்து கேட்டுட்டுப் போயிருக்கான். பிள்ளைகுட்டி இல்ல. நீங்க ரெண்டு பேரும் வர்றதா இருந்தா வாங்க. இல்லன்னா சொல்லிடுங்க."

அன்று மாலை ரஜிதா அங்கன்வாடி டீச்சரைப் பார்க்கப் போனாள். டீச்சர் நல்ல மனுஷி. உட்கார வைத்துப் பால் விடாத கட்டன்சாயா கொடுத்தாள். "நான் சேத்துக்கிட்டா அடுத்த நாளே மேலேருந்து கேள்வி வரும் மோளே. பத்து மாசம் பொறுத்துக்கோ" என்றாள்.

வீட்டில் பினீஷ் கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னான். "மாசி வந்தா இலை உதிர்ந்துரும். அப்புறம் வெட்டே கிடையாது. ரெண்டு மாசம்தான். அதுவரைக்கும்..."

"அதுவரைக்கும்?"

அவன் கத்தியைப் பார்த்தான், அடுப்பைப் பார்த்தான். அனகாவை மட்டும் பார்க்கவில்லை.

"நான் பாத்துக்கறேன்பா" என்றாள் அனகா. "டீச்சர்கிட்ட காய்ச்சல்னு சொல்லிரு. தம்பி நான் சொன்னா கேப்பான்."

ஆறு வயதுப் பிள்ளை கேட்காமலே சொல்லிவிட்டாள். அதற்காக அவளை ஒரு அறை அறையலாம் போல ரஜிதாவுக்கு ஆத்திரம் வந்தது. யார் மேல் என்று தெரியாமல் பாத்திரத்தைப் போட்டு உடைத்தாள்.

மார்கழி பிறந்தது. பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வந்த முதல் நாள், ஷெட்டில் அவள் கை வேலை செய்தது, மனம் வீட்டில் கிடந்தது. அடுப்பை அணைத்தோமா, கிணற்றங்கரைப் படலைச் சாத்தினோமா? பதினொரு மணிக்குக் கடைசித் தட்டத்தை நிரப்பிவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் குறுக்குப் பாதையில் ஓடினாள். வீட்டுக்குக் கீழே வேலிப் பக்கம் வந்ததும் பேச்சுக்குரல் கேட்டது. நின்றாள். இரண்டு பேரும் வாசல்படியில் இருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"சேச்சி, தண்ணி" என்றான் கண்ணாப்பி.

அனகா உள்ளே போய்த் தம்ளரில் தண்ணீர் கொண்டு வந்தாள். பதிமுகப் பட்டை போட்ட ரோஜா நிறத் தண்ணீர். அவன் கை நீட்டினான். அவள் தம்ளரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இரு. நான் மொதல்ல."

ஒரு வாய் குடித்தாள். தம்ளரைப் படியில் வைத்தாள். நாக்கை வெளியே நீட்டி, அதன் நுனியைப் பார்க்கக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள். தம்பி அழுதான். அவள் எண்ணுவதை நிறுத்தவில்லை. பள்ளியில் இருபது வரைக்கும்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இருபது வந்ததும் ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று, மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணினாள்.