ஜெபச் சங்கிலியில் முதல் பெயர்

“சுத்தி வளைக்காம நேராவே கேக்குறேன் பாஸ்டர். உங்க வீட்டம்மா யாருக்கு ஓட்டுப் போட்டாங்க?”

“அது அவங்களுக்கும் கர்த்தருக்கும் நடுவுல உள்ள விஷயம், பிரதர் கெய்லன்.”

“கர்த்தருக்குத் தெரியும். எங்களுக்குத் தெரிய வேண்டாமா? ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுப் பொம்பளப் பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்குறது அவங்கதானே?”

“கத்தாதீங்க. எல்லாருக்கும் காது கேக்குது.”

“நான் கத்தல. என் குரலே இப்படித்தான்.”

அது உண்மைதான். கெய்லன் ப்ரூயிட் மாட்டுத் தீவனக் கடைக்காரர், மவுண்ட் ஹெப்ரோன் பாப்டிஸ்ட் சபையின் நிர்வாகம் பார்க்கும் மூத்த டீக்கன். அவர் பந்திக்கு முன் ஸ்தோத்திரம் சொன்னாலே வெளியே நிறுத்தியிருக்கும் வண்டிகளின் கண்ணாடி அதிரும். அன்று புதன்கிழமை சாயங்காலம், போதகர் நீடிக்கலாமா என்று முடிவு செய்ய சபைக் கூடத்தில் கூட்டம். தேர்தல் முடிந்து பதினைந்து நாள். ‘நம்ம ஆள்’ ஜெயித்தாகிவிட்டது. மிசௌரியின் இந்தக் கோடியில் ‘நம்ம ஆள்’ என்றால் யாரென்று எவரும் கேட்பதில்லை. ஜெயித்த பக்கத்துக்கு எதற்கு இவ்வளவு கோபம் என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். சொந்த வீட்டுக்குள் ஒரு ஓட்டு குறைந்தது என்று தெரிந்தால், ஊரெல்லாம் ஜெயித்தாலும் சோறு இறங்காது.

ஆர்டித் கெம்ப் மூன்றாவது வரிசையில், கணவர் ராய்ஸுக்குப் பக்கத்தில், மடிப்பு நாற்காலியில் உட்கார்ந்து மடியிலிருந்த கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அறுபத்தொரு வயது. இருபத்தாறு வருடம் ஞாயிறுப் பள்ளி ஆசிரியை, பத்தொன்பது வருடம் ஜெபச் சங்கிலியின் தலைவி. கெய்லன் கேட்ட கேள்வி போதகர் கெண்டல் ஃபோய் மேல் விழுந்தது, அவர் மனைவி ஜனெல் மேல் விழுந்தது. ஆனால் அந்தக் கேள்வி கிளம்பிய இடம் அந்தக் கைப்பைதான். அதற்குள் பதினான்கு பெயர்களும் பதினான்கு தொலைபேசி எண்களும் எழுதிய அட்டை ஒன்று இருந்தது. முதல் பெயர் ஆர்டித்.

சங்கிலி நடக்கும் விதம் இதுதான். யாருக்காவது அறுவை சிகிச்சை, மகன் குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டிக்கொண்டான், மாட்டுக்குக் கன்று குறுக்கே நிற்கிறது, எதுவானாலும் ஆர்டித்துக்குச் சொல்வார்கள். அவள் இரண்டாம் பெயரான பாபியை அழைப்பாள், பாபி மூன்றாம் பெயரை அழைப்பாள். பதினான்காம் ஆள் திரும்ப ஆர்டித்தை அழைத்து, தன் காதுக்கு வந்ததை ஒப்பிக்க வேண்டும். வழியில் ஏதாவது கோணியிருந்தால் ஆர்டித் திருத்தி, மறுபடி முதலிலிருந்து அனுப்ப வேண்டும். இந்தக் கடைசி விதியை ஏற்படுத்தியவளே அவள்தான். ‘கிசுகிசுவுக்கும் ஜெபத்துக்கும் நடுவுல இது ஒண்ணுதான் வேலி’ என்று சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டவள்.

தேர்தல் முடிந்த இரண்டாம் நாள் ஹார்லன் டிப்ஸின் மனைவிக்கு அடக்க ஆராதனை. சாவு வீட்டுச் சாப்பாட்டுக்காக ஆர்டித்தும் ஜனெலும் சபையின் சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்கள். ஜனெல் நாற்பத்துநான்கு வயதுக்காரி, அதிகம் பேசாதவள், இந்தச் சபைக்கு வந்த ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூட யாரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லி ஆர்டித் கேட்டதில்லை. அப்படிப்பட்டவள் அன்று கத்தியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள்.

“என்னால முடியல ஆர்டித். ஓட்டுச் சீட்டுல கீழ இருக்குற எல்லா வட்டத்தையும் நிரப்பினேன். நம்ம கட்சிக்குத்தான். மேல ஜனாதிபதி இடத்துல மட்டும் பேனாவ வச்சுட்டு நின்னேன். அந்தாளு பொம்பளைங்களப் பத்திப் பேசினதெல்லாம் காதுல கேட்டுச்சு. அந்தப் பக்கத்து அம்மாவுக்கும் போட முடியாது, வயித்துல இருக்குற பிள்ளைங்க விஷயத்துல அவங்க நிக்கிற இடம் தெரியும்ல. அப்படியே வெறுமையா விட்டுட்டு வந்துட்டேன். கெண்டலுக்குத் தெரியாது. நான் பிள்ளைங்களக் கைவிட்டுட்டேனா? எனக்காக ஜெபம் பண்ணுங்க.”

ஆர்டித்தின் கையிலிருந்த கிழங்கு நழுவிப் பாத்திரத் தொட்டியில் விழுந்தது. ஏனென்றால் அவளும் அதே செவ்வாய்க்கிழமை, அதே வாக்குச்சாவடியில், அட்டைத் தடுப்புக்குப் பின்னால் நின்று, பிணப் பரிசோதகர் பதவி முதல் சாலை வரி வரைக்கும் ஒழுங்காக நிரப்பிவிட்டு, மேலே உள்ள ஒரே ஒரு இடத்தை வெறுமையாக விட்டிருந்தாள். பதினெட்டு வயதிலிருந்து ஒரு தேர்தல் தவறாதவள், ஒரு கட்சி மாறாதவள். தொண்ணூறுகளில் அந்தப் பக்கத்து ஜனாதிபதி ஒருவர் பெண் விவகாரத்தில் மாட்டியபோது, ‘தலைவனுக்கு நடத்தை முக்கியம்’ என்று மனு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனவள். கெய்லன்கூட அதில் கையெழுத்துப் போட்டார், கொட்டை எழுத்தில். பேனா அந்த வட்டத்தின் மேல் நின்றபோது அந்த மனுதான் நினைவுக்கு வந்தது. இயந்திரம் சீட்டை உள்ளே இழுத்துக்கொண்டது, ஒன்றும் கேட்கவில்லை. ‘ஓட்டுப் போட்டேன்’ ஒட்டுவில்லையைக் கோட்டில் ஒட்டிக்கொண்டு மறுநாள் முழுவதும் சுற்றினாள்.

‘நானும்தான்’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். இரண்டு பெண்கள், ஒரு சமையலறை, கதவும் சாத்தியிருந்தது. சொல்லவில்லை. “ஜெபம் பண்றேன்மா” என்றாள்.

அதன்பின் நடந்ததை அவள் பல மாதிரியாகத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்திருக்கிறாள். ஜெபச் சங்கிலித் தலைவியிடம் ஒருத்தி ஜெபம் கேட்டால் அது விண்ணப்பம்தானே என்பது முதல் மாதிரி. பாபியை அழைத்தபோது விவரம் எதுவும் சொல்லவில்லை. “போதகர் மனைவிக்காக, சொல்லாத விண்ணப்பம்” என்றுதான் ஆரம்பித்தாள். சொல்லாத விண்ணப்பம் என்றால் காரணம் கேட்கக்கூடாது, அது சபைக்கே தெரிந்த மரியாதை. ஆனால் பாபியிடம் சொல்லாத விண்ணப்பத்தைக் கொடுப்பது பூட்டிய டப்பாவைக் குழந்தையிடம் கொடுப்பதுபோல.

“கேன்சரா?”

“இல்ல.”

“நீ சொல்ற விதத்துலயே தெரியுது. எங்க, மார்புலயா? பாவம், எவ்வளவு நாளாத் தெரியும்?”

“பாபி, கேன்சர் இல்ல.”

“அப்போ அவரா? பியானோ வாசிக்குதே அந்தப் பொண்ணோட ஏதாவது...”

கேன்சரும் பியானோவும் ஊருக்குள் ஓடுவதற்கு முன் நிறுத்த வேண்டுமென்ற அவசரத்தில், உண்மையைச் சொன்னால் தேவலை என்று ஆர்டித்துக்குத் தோன்றியது. சொல்லிவிட்டாள். இது இரண்டாம் மாதிரி. மூன்றாம் மாதிரியை அவள் சீக்கிரமாகத் தாண்டிப் போய்விடுவாள்: சொல்லி முடித்தபோது நெஞ்சு லேசானது. வெறுமையாக விட்டவள் யார் என்று ஊர் இனிமேல் தேடினால், கிடைப்பதற்கு ஒரு பெயர் தயாராக இருந்தது.

வெள்ளிக்கிழமை பதினான்காம் ஆள் அழைத்து ஒப்பித்தாள். போதகர் மனைவி எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போட்டுவிட்டாளாம், போதகரே சொல்லித்தான் போட்டாளாம், கருக்கலைப்புச் சட்டத்தைப் பற்றி இரண்டு பேருக்கும் வேறு எண்ணம் இருக்கிறதாம், மனந்திரும்பும்படி ஜெபிக்கவும். அடுப்பில் பீன்ஸ் பொங்கிக்கொண்டிருந்தது. தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஆர்டித் மூடியை எடுத்தாள். வேலியைத் திறந்து மூடும் உரிமை அந்த ஊரில் அவள் ஒருத்திக்குத்தான். “சரி” என்றாள். தீயைக் குறைத்தாள்.

இப்போது கூடத்தில் கெய்லனின் குரல் தழுதழுத்தது. அதுதான் ஆர்டித்தை இன்னும் கஷ்டப்படுத்தியது. அவர் நடிக்கிற ஆள் இல்லை. “நானும் என் பொண்டாட்டியும் இருபது வருஷமா அந்தக் கருக்கலைப்பு கிளினிக் வாசல்ல மழையிலயும் பனியிலயும் நின்னு ஜெபம் பண்ணியிருக்கோம். காறித் துப்பியிருக்காங்க. அங்க வந்தவங்க கலைக்காமப் பெத்த ரெண்டு பிள்ளைங்கள வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து வளர்த்தோம். அந்தாளு யோக்கியன்னு நான் சொல்லல. வீட்டுக்கூரை ஒழுகுதுன்னா கூரை போடுறவனக் கூப்பிடுறோம், அவன் பொண்டாட்டிகிட்ட எப்படி நடந்துக்குறான்னு விசாரிச்சா கூப்பிடுறோம்? பிள்ளைங்களுக்கு ஓட்டு இல்ல. நாமளும் போடலன்னா யார் போடுவா?”

ஜனெல் எழுந்தாள். “பிரதர் கெய்லன், நான் அந்தப் பக்கம் போடல. யாருக்கும் போடல. வெறுமையா விட்டேன். கெண்டலுக்கு இந்தக் கதை ஊருக்குள்ள வந்தப்புறம்தான் தெரியும்.”

“சங்கிலியில வேற மாதிரி வந்துச்சே?”

“எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியல. நான் ஒரே ஒருத்தங்ககிட்டதான் சொன்னேன். எனக்காக ஜெபிக்கச் சொல்லித்தான் சொன்னேன். அவங்க ஜெபிச்சிருப்பாங்க.”

சொல்லும்போது அவள் ஆர்டித் இருந்த பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால்கூடத் தேவலை. பாபி மட்டும் திரும்பிப் பார்த்தாள், உடனே தன் நகங்களைப் பார்த்துக்கொண்டாள். ஆர்டித்தின் கால்கள் ஒரு தடவை எழுந்திருக்கத் தயாராயின. அது அவளுக்கே தெரிந்தது, முட்டி முன்னால் வந்தது, கைப்பை மடியிலிருந்து சரிந்தது. ராய்ஸ் குனிந்து அதை எடுத்துக் கொடுத்தார். அவள் “தேங்க்ஸ்” என்றாள். அந்தத் தருணம் அதோடு போயிற்று.

சபை விதிப்படி மூன்றில் இரண்டு பங்கு ‘வேண்டும்’ வந்தால்தான் போதகர் இருக்கலாம். துண்டுச் சீட்டு கொடுத்தார்கள். ஆர்டித் கையால் மறைத்துக்கொண்டு ‘வேண்டும்’ என்று எழுதினாள், அழுத்தி, இரண்டு தடவை அடிக்கோடிட்டாள். யாரும் பார்க்காத இடத்தில் அவளுக்குத் தைரியம் எப்போதுமே இருந்திருக்கிறது. எழுபத்தொன்பது சீட்டில் நாற்பத்துநான்கு ‘வேண்டும்’. ஒன்பது குறைந்தது. பின்னாளில் யாரைக் கேட்டாலும் ‘நான் வேண்டும்னுதான் எழுதினேன்’ என்றார்கள். அப்படியானால் மீதி முப்பத்தைந்தையும் அடுத்த ஊர்க்காரர்கள் வந்து எழுதிவிட்டுப் போனார்கள்போல.

திரும்பி வரும்போது ராய்ஸ் வண்டியை மெதுவாக ஓட்டினார். அவர் நம்ம ஆளுக்குத்தான் போட்டிருந்தார், அதைப் பற்றிப் பெருமையாக ஒரு நாளும் பேசியதில்லை. தானியக் கிடங்கைத் தாண்டியதும் ஆர்டித் வாய் திறந்தாள்.

“ராய்ஸ், அன்னைக்கு நானும்...”

“சொல்லாத.”

“என்ன சொல்லப் போறேன்னே உனக்குத் தெரியாதே.”

“நாப்பது வருஷமா ஒரே வீட்டுல இருக்கோம் ஆர்டி. ஓட்டுப் போட்டுட்டு வந்தா மூணு நாள் போட்ட ஆளப் பத்தியே பேசுவ. இந்தத் தடவ வந்ததும் ஃப்ரிட்ஜக் கழுவுன.” சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “நாளைக்கு கெய்லன் கடையில தீவனம் எடுக்கப் போறேன். அவன் கேப்பான். நீ சொல்லாம இருந்தா எனக்குத் தெரியாதுன்னு சொல்லிக்கலாம்.”

“அது பொய் இல்லையா?”

“பாதிதான்.”

“பாஸ்டர் குடும்பத்துக்கு வீடு போகுது ராய்ஸ். அந்த வீடு சபையோடது.”

அவர் திருப்பத்தில் சைகை விளக்கைப் போட்டார், பின்னால் ஒரு வண்டியும் வரவில்லை.

அடுத்த ஞாயிறு ஆர்டித் அட்டையைப் பாபியிடம் கொடுத்துவிட்டாள், காது சரியாகக் கேட்கவில்லை என்று காரணம் சொல்லி. பாபி சங்கிலியைக் கைபேசிக் குழுவாக மாற்றினாள். இப்போது ஒப்பிக்கிற பதினான்காம் ஆள் கிடையாது, எல்லாருக்கும் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேர்கிறது. அடுத்த இலையுதிர் காலத்தில் பாபியே ஹார்லன் டிப்ஸைக் கல்யாணம் செய்துகொண்டாள். மனைவி இறந்து வருடம் திரும்பப் பதினோரு நாள் பாக்கி இருந்தது, அதைக் கணக்குப் பார்த்தவர்கள் பார்த்தார்கள். புதுப் போதகர் ஆர்கன்சாஸ்காரர். நல்லவர், நீளமாகப் பேசுவார், அவர் மனைவி யாரென்று கேட்டால் சபையிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. ஃபோய் குடும்பம் தேர்தலுக்கு அடுத்த ஜனவரியிலேயே நெப்ராஸ்காவுக்குப் போனது. அங்கே ஜனெலின் அண்ணன் ஓடு போடும் தொழில் செய்கிறார், கெண்டலும் அவரோடு சேர்ந்துகொண்டார். மகள் டெசா பள்ளியின் கடைசி வருடத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போக வேண்டி வந்தது. பிறகு அங்கேயே லூத்தரன் சபைப் பையன் ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று கேள்வி.

அவர்கள் சாமான் ஏற்றிய சனிக்கிழமை காலையில் உதவிக்கு வந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். கெய்லன் வந்தார், அதையும் சொல்ல வேண்டும். பேசாமல் புத்தகப் பெட்டிகளைச் சுமந்தார், இருமடங்கு சுமந்தார். ஆர்டித் நூடுல்ஸ் போட்ட கோழி ஒரு தட்டு எடுத்துக்கொண்டு போனாள். எங்கே வைப்பதென்று தெரியாமல் மாடிக்கு ஏறினாள். படுக்கையறை காலியாக இருந்தது. மெத்தையைச் சுவரில் சாய்த்துவிட்டு ஜனெல் தனியாக நின்றுகொண்டிருந்தாள்.

ஆர்டித் தட்டை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். காரில் வரும்போது ஒத்திகை பார்த்த முதல் வாக்கியம் நாக்கு வரைக்கும் வந்தது.

“ஜனெல், அன்னைக்கு அந்த...”

“அந்த ஓரத்தப் பிடிச்சுக்குறீங்களா?” என்றாள் ஜனெல். “கெண்டல் கீழ லாரிக்குள்ள இருக்காரு. நாமளே இறக்கிடலாம்.”

இரண்டு பேரும் தூக்கினார்கள். ஆர்டித் முன்னால், பின்நடையாக இறங்க வேண்டும். மெத்தை நடுவில் நிமிர்ந்து நின்றதால் ஜனெலின் விரல்கள் மட்டும் தெரிந்தன, நான்கு இந்த ஓரத்தில், நான்கு அந்த ஓரத்தில். முகம் தெரியவில்லை. இப்போது சொல்வது சுலபம் என்று ஆர்டித்துக்குத் தோன்றியது. மூச்சு வாங்கியது. படி ஒடுக்கமாக இருந்தது, மெத்தை சுவரை உரசிக்கொண்டு வந்தது, கனம் முழுவதும் இறங்குகிறவள் பக்கமே சாய்ந்தது.

“மெதுவா,” மெத்தைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. “இடது பக்கம் கொஞ்சம். இன்னும் ஒரு படி இருக்கு ஆர்டித், பாத்து.”

ஆர்டித் ஒரு காலைத் தூக்கி, பின்னால், அந்தப் படியைத் துழாவினாள்.