குதிகால்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹெல்மெட்டும் கையுமாக மச்சினி வந்து நிற்பாள் என்று மாஸ்டர் எதிர்பார்க்கவில்லை.

"அத்தான், அக்கா சைக்கிளைக் குடுங்க. அடுத்த வாரம் ஒரு வருஷம் ஆகுது. அவ போன பாதையில நானும் ஒரு தடவை போயிட்டு வரணும்."

அவர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் கட்டிங் மாஸ்டர். வெளியில் எல்லோருக்கும் அந்தப் பெயர்தான். எதிரே வருகிற ஆளைக் கண்ணால் ஒரு தடவை பார்த்தே இடுப்பளவு சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்காமல் பால்கனியையே பார்த்துக்கொண்டு நின்றார். பழைய போர்வைக்குள் சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. மலைப்பாதையில் ஓட்டுவதற்கென்றே செய்த, தடித்த டயர் வைத்த சைக்கிள். அது வீட்டுக்குத் திரும்பி வந்த நாளிலிருந்து யாரும் அதைத் தொட்டதில்லை.

"அது ஓட்டற நிலைமையில இல்லம்மா."

"அதைக் கடைக்காரங்க சொல்லட்டும். நீங்க துணிக்குத்தான் டாக்டர், சைக்கிளுக்கு இல்ல."

பேச்சும் அக்காவின் பேச்சு, உயரமும் அக்காவின் உயரம். இருவருக்கும் ஒரே அளவில் அவர்தான் பேண்ட் வெட்டிக் கொடுப்பார். மச்சினி வந்து தங்குகிற நாட்களில் எது யாருடையது என்று கொடியடியில் சண்டை நடக்கும். இப்போது சண்டைக்கு ஆள் இல்லை. இரண்டு பங்கும் மச்சினியின் அலமாரியில் இருக்கின்றன.

சரளைக்கல் வழுக்கிவிட்டது என்றுதான் அவர் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். மாமியாரிடம், மச்சினியிடம், கேட்க வந்த காவலரிடம். திரும்பத் திரும்பச் சொல்லி அந்தச் சரளைக்கல் அவர் கண்ணுக்கே தெரிய ஆரம்பித்திருந்தது. கடையில் சைக்கிளைப் பார்த்துவிட்டு, இது தேறாது, காயலாங்கடைக்குப் போட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டால் போதும். அவர் வாயைத் திறக்க வேண்டியிருக்காது. அந்த ஒரு நம்பிக்கையில்தான் கிளம்பினார்.

சைக்கிள் கடையில் மெக்கானிக் ஒரு பெண். கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு, சைக்கிளைத் தாங்கியில் மாட்டி, சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காது கொடுத்துக் கேட்டாள்.

"ஃப்ரேம் நேரா இருக்கு. பிரேக் ரெண்டும் நல்லாப் பிடிக்குது. கீழ விழுந்திருக்கு போல, ஆனா ஒரு கீறலோட தப்பிச்சிருக்கு. நல்ல வண்டி சார்."

மாஸ்டர் அந்தக் கீறலைத் தடவிப் பார்த்தார். ஆமாம், அது தப்பித்துவிட்டது. மனைவியைப் பள்ளத்தில் விட்டுவிட்டு, பாதிச் சரிவில் ஒரு புதரில் சாய்ந்து நின்றுகொண்டது.

"பாத்தீங்களா அத்தான்!" என்றாள் மச்சினி.

"யாரு ஓட்டப்போறீங்க, நீங்களா?" மெக்கானிக் சைக்கிளைத் தரையில் இறக்கினாள். "உக்கார வேணாம். நடுக்கம்பிக்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால் வச்சு நில்லுங்க. பாதம் முழுக்கத் தரையில படணும்."

மச்சினி நின்றாள்.

"பாதம் முழுக்கன்னு சொன்னேன்."

"முழுக்க வச்சா கம்பி இடிக்குதுங்க."

"அப்ப இது உங்களுக்கு ஆகாது." மெக்கானிக் பேசிக்கொண்டே கையைத் துடைத்தாள். "தார் ரோடுன்னா சமாளிச்சிடலாம். மலைப்பாதையில திடீர்னு நிக்கணும்னா ஒரு காலை ஊணியே ஆகணும். சரிவுல பள்ளத்துப் பக்கம் தரை இன்னும் கீழ இருக்கும். கம்பிக்கு மேல ரெண்டு அங்குலமாவது இடம் இல்லாம எதை ஊணுவீங்க, காத்தையா?"

"சீட்டை இறக்கிட்டா?"

"சீட்டை இறக்கலாம், கம்பியை எங்க இறக்கறது? இது பேண்ட் இல்லம்மா, மடிச்சுத் தைக்கறதுக்கு. யாரோ நெட்டையா இருக்கறவங்களுக்கு வாங்கினது இது."

"இல்லைங்க, எங்க அக்காவுக்கு வாங்கினது. என் உயரந்தான் அவளும். இவர்தான் அளந்து வாங்கினார். சுவத்துல கோடே போட்டிருக்கு."

மெக்கானிக் மாஸ்டரைப் பார்த்தாள். "அப்போ தப்பா அளந்துட்டீங்க சார்."

"யாரு, இவரா?" மச்சினி சிரித்தாள். "கால் அங்குலம் பிசகினா அன்னிக்கு இவருக்குச் சோறு இறங்காதுங்க." சொன்னவளின் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

திரும்பும் வழியெல்லாம் அவள்தான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, சமையலறைக்குப் போகும் நடையில் அந்தச் சுவருக்கு முன்னால் போய் நின்றாள். பென்சில் கோடும் பக்கத்தில் மாஸ்டரின் கையெழுத்தும் அப்படியே இருந்தன. *அரைப்படி – 28.*

அரைப்படி என்பது அவர் பெண்டாட்டிக்கு வைத்த பெயர். "அரைப்படின்னா என்ன, அளந்து பாத்துட்டுப் பேசுங்க" என்று பதிலுக்கு இடுப்பில் குத்துவாள். ஊர் முழுக்க அவள் உயரத்தைக் கேலி செய்தபோதும் கலங்காதவள், சைக்கிள் வாங்கப் போன முதல் நாள் கலங்கிவிட்டாள். விற்கிறவன் அவளை ஏற இறங்கப் பார்த்து, "குழந்தைங்க சைக்கிள் அந்தப் பக்கம் மேடம்" என்றான். கடையில் சிரித்துவிட்டு வந்தவள், வீட்டில் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மூன்றாம் நாள் அவளைச் சுவரோரம் நிறுத்திக் காலளவு எடுத்தார். தடித்த அகராதியைக் கால்களுக்கு நடுவே அணைத்துப் பிடித்துக்கொண்டு அவள் நிற்க, புத்தகத்தின் விளிம்புக்கு நேராகக் கோடு போட மாஸ்டர் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தார். "குதிகாலை ஏத்தாத" என்றார். "யாரு ஏத்தினா? என் அளவே அதான்" என்றாள் மேலே பார்த்தபடி. மண்டி போட்டவருக்குக் கண்ணுக்கு நேரே இருந்தது அவளுடைய குதிகால். தரைக்கும் அதற்கும் நடுவே துண்டுப் பென்சிலை நட்டமாக நிறுத்தலாம்.

அதுகூடப் பார்த்திருக்க வேண்டியதில்லை. அவளுக்கு வருஷம் நாலு பேண்ட் வெட்டுகிறவருக்கு அவள் காலளவு தூக்கத்திலும் தெரியும். அது இருபத்தாறு அங்குலம். ஆனால் இருபத்தெட்டு என்று அவர் எழுதியதும் அவள் முகத்தில் வந்ததே ஒரு வெளிச்சம், அதைக் கெடுக்க மனசு வரவில்லை. தொழிலில் அவர் பிடித்த பிடி, எப்போதும் ஒரு சுற்றுப் பெரிதாகவே வெட்டுவது. பெரிதாக இருந்தால் பிடித்துத் தைத்துக்கொள்ளலாம், குறைந்துபோனால் துணி பாழ். சீட்டை இறக்கிக்கொண்டால் ஆச்சு என்று நினைத்தார். கடையில் அவள் பெரிய சைக்கிளைத் தட்டிக்கொடுத்தபோது அவரும் சேர்ந்து தட்டிக்கொடுத்தார்.

"அத்தான், அந்தப் பக்கம் திரும்பிக்குங்க."

மாஸ்டர் திரும்பிக்கொண்டார். அகராதி சுவரில் உரசும் சத்தமும், பென்சில் இழுபடும் சத்தமும் கேட்டன. திரும்பியபோது பழைய கோட்டுக்குக் கீழே புதுக் கோடு இருந்தது. இரண்டுக்கும் நடுவே அவள் இரண்டு விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடம் மிச்சம் இருந்தது.

"ஏத்திட்டு நின்னாளா?"

"ஆமா."

"நீங்க பாத்தீங்களா?"

சரளைக்கல் என்று ஒரு தடவை வாய் வரைக்கும் வந்தது. "பாத்தேன்" என்றார்.

"அன்னிக்கு? பாதையில?"

"நான் முன்னாடி போயிட்டிருந்தேன். நில்லுங்கன்னு கூப்பிட்டா. திரும்பினேன். நின்னுட்டுத்தான் இருந்தா. கீழ்ப்பக்கம் காலை நீட்டித் தரையைத் தேடினா. கால் நுனி தேடிக்கிட்டே இருந்தது. அவ்வளவுதான்."

மச்சினி அழுவாள், அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று அவர் காத்திருந்தார். எது செய்திருந்தாலும் அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். அவள் அகராதியை எடுத்த இடத்தில் வைத்தாள். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டாள். செருப்பு மாட்டும்போது கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே பேசினாள்.

"அம்மாகிட்ட இதைச் சொல்லிடாதீங்க. சரளைக்கல்லுன்னே இருக்கட்டும். இதையும் கேட்டா அம்மா தாங்கமாட்டா." பிறகு, "நான் இனிமே இங்க வரமாட்டேன், மாஸ்டர்" என்றாள்.

அத்தான் என்றுதான் சொல்வாள் எப்போதும்.

சாயந்திரம் வழக்கம்போல மாமியார் போன் செய்தார். ஞாயிறு தவறாமல் செய்கிறவர்.

"சின்னவ காலையில சைக்கிள் கேட்டு வந்தாளாமே மாப்பிள்ளை. குடுத்துட்டீங்களா? எனக்குப் பகலெல்லாம் நெஞ்சு அடிச்சுக்கிச்சு."

"குடுக்கல அத்தை. அவளுக்கு அது பெருசு."

"நல்ல காரியம் செஞ்சீங்க. சின்னப் பிள்ளைங்க, அதுங்களுக்கு என்ன தெரியும். நீங்க ஒருத்தர் பாத்து அளந்து சொல்றதுக்கு இருக்கீங்கங்கிற தைரியத்துலதான் நான் கண்ணை மூடித் தூங்கறேன்."

"சரி அத்தை" என்றார் மாஸ்டர்.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு அத்தை."

போனை வைத்துவிட்டு நடையில் வந்து நின்றார். மச்சினி போட்ட கோட்டுக்குப் பக்கத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. டேப்பை எடுத்துத் தரையிலிருந்து பிடித்தார். அவர் கைக்கு அது தேவையே இல்லை. இருந்தாலும் பிடித்தார். இருபத்தாறு.