ஜன்னலுக்குள் அடங்கிய நாலடி

தையல்காரி சுவரோரப் பாத்தியையும் துணி அளப்பதுபோலத்தான் அளந்தாள். நாடா பிடித்து, சாக்கட்டியால் சுவரில் கோடிழுத்து, இருபத்து நாலடியைப் பன்னிரண்டாகப் பிரித்தாள். மாதத்துக்கு இரண்டடி. வாசல் பக்கமிருந்து மழைக்குக் காசித்தும்பை, பனிக்குச் சாமந்தி, வெயிலுக்கு ஜினியா என்று வரிசை. படுத்த படுக்கையாகிவிட்ட அம்மா வருஷம் முழுக்க ஏதாவதொரு நிறத்தைப் பார்க்க வேண்டும். அந்த ஒரு வருஷம்தான் டாக்டர் சொன்ன கெடு. அதைக் கேட்டு அவளுக்கு அழுகை வரவில்லை. வீட்டுக்கு வந்து, பாதியில் கிடந்த ரவிக்கைக்குக் கொக்கி வைத்தாள். அப்புறமும் வரவில்லை.

நாற்று இறக்க வந்த செடிக்கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

"என்னம்மா இது, பாத்தியா காலண்டரா?"

"மாசம் தவறாம பூக்கும்லண்ணே?"

"பூக்கும். ரெண்டடி பூக்கும், மிச்சம் மொட்டையாக் கெடக்கும். எல்லாத்தையும் கலந்துல்ல வைக்கணும்? ஆமா, யாரு பாக்க?"

"அம்மா."

"எங்கேருந்து?"

அவள் உள்ளே போனாள். கட்டிலோரம் குந்தி, தலையணைக்கு நேரே தலையைச் சாய்த்துப் பார்த்தாள். ஜன்னலுக்குள் அகப்பட்டது நாலடிச் சுவர். ஐந்தாம் மாதம், ஆறாம் மாதம். மற்ற பத்து மாதமும் அம்மாவுக்கு வெறும் மண்தான்.

"என் தலகாணில உனக்கென்னடி வேலை?" என்றாள் அம்மா.

"பாத்தியத் தப்பா பிரிச்சிட்டேம்மா."

"நல்லவேளை, ஊரார் துணிய இப்படி வெட்டல."

"எல்லாத்தையும் இந்த நாலடில நெருக்கி வச்சிடறேன். வருஷம் பூரா பூக்கும்."

அம்மா ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினாள். "எது மொதல்ல பூக்கும்?"

"காசித்தும்பை. ஒரு மாசம் ஆகும்."

"அப்ப நாலடிக்கும் அதையே போடு."

"அது முடிஞ்சா மண்ணுதாம்மா தெரியும்."

"தெரியட்டும்."

அவள் எழுந்தாள். வெளியே வந்து ஜன்னலுக்கு நேராக மண்ணைக் கிளறினாள். காசித்தும்பை நாற்றுகளைச் சாண் இடைவெளியில் ஊன்றிக்கொண்டே போனாள்.

செடிக்கடைக்காரர் சாமந்தித் தட்டோடு நின்றார். "இத எங்கம்மா வைக்க?"

"ஜன்னலுக்குத் தெரியாத பக்கமா வைங்கண்ணே," என்றாள். "அது பூக்கறப்ப நான் மட்டும்தான் இருப்பேன்."